கடைசிக் குடத்தின் வேகம்

சேரப்பணஞ்சேரியில் கன்னியப்பன் குடும்பம் பாட ஆரம்பித்தால் தெருநாய்கூட ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும். பாட்டு மோசம் என்று நினைத்துவிடாதீர்கள். பாட்டு அவ்வளவு வேகம்.

கன்னியப்பன் பம்பை அடிப்பார். அவருடைய அக்கா செங்கமலம் பாடுவார். கன்னியப்பனுக்கு வாரத்தில் ஆறு நாள் கார் சீட்டு தைக்கும் கம்பெனியில் வேலை. செங்கமலத்துக்கு அதே கம்பெனி கேன்டீனில் வேலை. ஆனால் திருவிழா என்று வந்துவிட்டால், படப்பையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை எல்லா ஊர்க்காரர்களும் இவர்களைத்தான் தேடி வருவார்கள். செங்கமலம் பாடிய காவடிச் சிந்தை செல்போனில் மூன்று லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். பேனரில் அவர் பெயரை 'எக்ஸ்பிரஸ் செங்கமலம்' என்றுதான் போடுவார்கள்.

கன்னியப்பனின் மகள் அமலா. ஆறாம் வகுப்பு. அவளுக்கும் நல்ல குரல். ஆனால் எக்ஸ்பிரஸ் குடும்பத்தில் அவள் ஒரு பாசஞ்சர். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, ருசித்து, அப்புறம்தான் அடுத்த சொல்லுக்குப் போவாள்.

"கொரல் நல்லாத்தான் கீது. பாட்டு எப்போ முடியும்னுதான் தெர்ல" என்று அத்தை சிரிப்பார்.

அமலாவும் சிரித்துவைப்பாள். உள்ளுக்குள் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும்.

ஆடிக் கிருத்திகைக்கு நான்கு நாள் இருக்கும்போது அந்த அத்தைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. டாக்டர் பார்த்துவிட்டு, "பத்து நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டார். பாட்டு அப்புறம், பேச்சே கூடாதாம்.

வீடே இடி விழுந்ததுபோல் ஆகிவிட்டது. ஏனென்றால் ஒவ்வோர் ஆடிக் கிருத்திகைக்கும் ஊரிலிருந்து நூற்றெட்டுப் பால்குடம் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகும். ஒன்பது கிலோமீட்டர் நடை. காலில் செருப்பு கிடையாது. அதற்கு ஒரு வழக்கம் உண்டு. பாட்டு நடந்தால்தான் குடம் நடக்கும். பாட்டு நின்றால் குடம் நிற்கும். அப்படி நிற்கும்போது குடத்தைத் தரையில் இறக்கவும் கூடாது, தலையிலேயே தாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். இருபது வருடமாக அந்தப் பாட்டு இவர்கள் வீட்டுப் பாட்டு. மைக் வேறு ஆள் கைக்குப் போனதே இல்லை.

"இப்போ யாரு பாடுறது?" என்றார் கன்னியப்பன்.

எல்லாரும் அத்தையின் மகன் லோகேஷைப் பார்த்தார்கள். அவனுக்குப் பதினான்கு வயது, குரல் உடைகிற காலம். வாயைத் திறந்தால் பாதி ஆட்டுக்குட்டியாகவும் பாதி லாரி ஹாரனாகவும் வரும்.

"என்ன வுட்டுடுங்க மாமா. நான் ஜால்ரா அடிக்கிறேன்" என்றான் லோகேஷ். அந்தச் சின்ன வாக்கியத்திலேயே குரல் இரண்டு தடவை உடைந்தது.

அப்புறம் எல்லாரும் அமலாவைப் பார்த்தார்கள்.

அன்று மாலையே பயிற்சி ஆரம்பித்தது. அப்பா பம்பையைப் படபடவென்று அடித்தார். அமலா பாடினாள்.

*வேலெடுத்து வாறவனே, வல்லக்கோட்டை நாயகனே,*
*பாலெடுத்து வாறோமையா, பாதையெல்லாம் கூட வாய்யா...*

மூன்றாவது வரிக்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. பம்பை எங்கேயோ முன்னால் போய்விட்டது.

"இன்னாம்மா, பாட்டு பாடுறியா, தூங்க வெக்கிறியா?"

"அவ்ளோ வேகமா எனக்கு வர்ல ப்பா. கொஞ்சம் மெதுவா பாடலாமே?"

"ஒம்போது மணிக்கு மேல தார் ரோடு சுட ஆரம்பிச்சிடும். மெதுவா பாடினா ஜனங்க மெதுவா நடப்பாங்க. காலு வெந்துடும். அதுக்குத்தான் இந்த வேகம், தெர்தா?"

அமலாவுக்கு அது தெரியும். அப்பா சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. அதனால்தான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அத்தை தன் செல்போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். பாட்டில் எக்ஸ்பிரஸ், தட்டச்சில் ஆமை. ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுவார். அமலா ஆறு தடவை பாடி முடித்த பிறகு, முதல் தடவைக்கான திட்டு அத்தை நீட்டிய போனில் வந்து சேர்ந்தது: 'மூச்சு விடாதே.'

"மூச்சு விடாம எப்டி அத்தை?" என்றாள் அமலா.

அதற்கான பதில் மறுநாள் காலையில்தான் அதே போனில் வந்தது: 'பழகிடும்.'

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வாடகை அறையில் சுகப்பிரியா அக்கா இருந்தாள். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் வேலை. அன்று காலை அவள் நைட் ஷிப்ட் முடிந்து வந்தபோது, அமலா குழாயடியில் உட்கார்ந்து முணுமுணுவென்று பாடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி அமலா, யாரு உன்னத் தொரத்துதா? இப்படி ஓடுத?"

"எல்லாரும்தான் க்கா" என்று அமலா கதையைச் சொன்னாள்.

சுகப்பிரியா சிரித்தாள். "எங்க லைன்லயும் ஒருத்தி இருக்கா. எனக்கு முந்துன டேபிள். கை மெஷின் கணக்கா ஓடும். என்ன பிரயோசனம்? எல்லாம் என் டேபிள்ல வந்து மலையா குமிஞ்சு கெடக்கும். சூப்பர்வைசர் என்னத்தான் ஏசுவாரு. அப்பறம் அவருக்கே தெரிஞ்சுபோச்சு. அவளக் கொஞ்சம் மெதுவாப் பண்ணச் சொல்லிட்டாரு. இப்ப ஒண்ணும் குமியல. ஷிப்ட் முடிஞ்சு எண்ணுனா முன்னவிட நாலு பெட்டி கூட நிக்கி."

"மெதுவா பண்ணா எப்டி க்கா கூட வரும்?"

"அது எனக்கு எங்க தெரியும்? வந்துச்சு. சரி, நானும் ஒரு குடம் எடுக்கலாம்னு நேர்ந்திருக்கேன். ஞாயித்துக்கெழம ஷிப்ட் முடிஞ்சு நேரா வந்துருதேன்" என்று கொட்டாவி விட்டபடி அவள் தூங்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. பிள்ளையார் கோயில் வாசலில் நூற்றெட்டுக் குடங்களும் மஞ்சள் துணி கட்டி, வேப்பிலை செருகித் தயாராக இருந்தன. அத்தையால் பாட முடியாததால், முதல்முறையாக அவரும் ஒரு குடம் எடுத்துக்கொண்டார். ஒலிபெருக்கி கட்டிய குட்டியானை வண்டி முன்னால் நின்றது. விழாக் குழுத் தலைவர் ஜீவானந்தம் கைக்கடிகாரத்தை மூன்றாவது தடவையாகப் பார்த்தார்.

"ஒம்பதே முக்காலுக்கு நம்ம ஊர் அபிஷேகம். வுட்டோம்னா அடுத்த ஊரைக் கூப்ட்டுடுவாங்க. அமலா, உன்ன நம்பித்தான் கீறோம்" என்றார்.

அமலா மைக்கை வாயருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு, அத்தையின் வேகத்தில் ஆரம்பித்தாள்.

பம்பை படபடத்தது. காவடி தூக்கிய அண்ணன்மார்கள் துள்ளிக்கொண்டு ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால் பெண்கள் குடத்தோடு வேகவேகமாக நடந்தார்கள். அமலா வரிகளை விழுங்கி, மூச்சை விழுங்கி, எப்படியோ தாக்குப்பிடித்தாள். அரை மணி நேரத்தில் அவள் தொண்டை வறண்டுபோய்க் கரகரத்தது.

ஏரிக்கரை வளைவில் ஜீவானந்தம் கையைத் தூக்கினார். "நிறுத்து, நிறுத்து. பின்னாடி ஆளுங்க வரட்டும்."

வருடாவருடம் இங்கே முதல் நிறுத்தம். அப்புறம் பேருந்து நிறுத்தத்தில் ஒன்று, ஒரகடம் மேம்பாலத்தடியில் ஒன்று, கோயில் வளைவுக்கு முன்னால் ஒன்று. மொத்தம் நான்கு. முன்னால் வந்தவர்கள் குடத்தைத் தலையில் தாங்கியபடி நின்றார்கள். அத்தையின் கழுத்து வழியாகப் பால் வழிந்து ரவிக்கையெல்லாம் நனைந்திருந்தது. இரண்டு தெருநாய்கள் ரொம்ப மரியாதையாக அவர் பின்னாலேயே வந்துகொண்டிருந்தன.

அமலா "ப்பா, தண்ணி" என்றாள். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

ஜீவானந்தம் அதைக் கேட்டுவிட்டார். கன்னியப்பனைத் தள்ளி அழைத்துக்கொண்டு போனார். ஆனால் மெதுவாகப் பேசுவது அவருக்கு வராத கலை.

"கன்னியப்பா, கோச்சிக்காத. கொழந்த பாவம், தொண்ட போச்சு. இன்னும் ஏழு கிலோமீட்டர் கீது. மணிமங்கலம் குழு ஒரகடத்துலதான் நிக்கிறாங்க. ஒரு போன் போட்டா வந்து பாடுவாங்க."

அப்பா பம்பைக் குச்சியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். அத்தையும் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். தலையில் குடம் இருந்ததால் அதைக்கூட முழுசாகச் செய்ய முடியவில்லை.

அமலாவுக்கு அழுகை வந்தது. எல்லாரும் பார்ப்பார்களே என்று, "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, வந்த வழியிலேயே பின்னோக்கி ஓடினாள்.

ரொம்ப தூரம் பின்னால், கடைசி ஆளாகச் சுகப்பிரியா வந்துகொண்டிருந்தாள். இரவெல்லாம் நின்று வேலை பார்த்த கால். அவளோடு நான்கைந்து சின்னப் பிள்ளைகள் சின்னச் சின்னச் செம்பில் பால் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

"ஏன்ட்டி அழுத?"

"நீ ஏன் க்கா இவ்ளோ பின்னாடி வர்ற? உனக்காகத்தான் அங்க நிக்கிறாங்க."

"நானா பின்னால வாரேன்? நீங்கல்லா ஓடுதீங்க. பாட்டே எங்க காதுல விழல, பாட்டு இல்லாமக் காலே நகரமாட்டேங்கு. நீங்க ஓடுவீங்க, நின்னுகிட்டுக் காத்துக் கெடப்பீங்க. நாங்க வந்து சேர்ந்ததும் மறுபடி ஓடுவீங்க. உங்களுக்கு நின்னு நின்னு கால் வலி. எங்களுக்கு நிக்கவே நேரமில்லாமக் கால் வலி."

அமலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுகப்பிரியாவுக்குப் பக்கத்தில், அவள் கால் வைக்கிற அதே வேகத்தில் நடந்தாள். நடந்தபடியே, தன்னை அறியாமல் பாட்டை முணுமுணுத்தாள்.

வேலெடுத்து... ஓரடி. வாறவனே... ஓரடி. வல்லக்கோட்டை... ஓரடி. நாயகனே... ஓரடி.

மூச்சு வாங்கவில்லை. தொண்டை வலிக்கவில்லை. பாட்டு காலோடு போய் உட்கார்ந்துகொண்டது. செம்பு எடுத்து வந்த பொடியன் ஒருவன் கூடவே பாட ஆரம்பித்தான்.

அமலா சட்டென்று நின்றாள். "அக்கா, அந்த முந்துன டேபிள் பொண்ணு."

"அவளுக்கு என்ன?"

"அவ வேகமா பண்ணி இன்னா ஆச்சு? குமிஞ்சுபோய் நின்னுச்சு. நாமளும் அப்டித்தான் நிக்கிறோம். நாலு எடத்துல."

சுகப்பிரியா அவளைப் பார்த்தாள். "எட்டி, ஆமா" என்றாள் மெதுவாக.

வரிசை ஒன்றுசேர்ந்தபோது இருபத்தைந்து நிமிடம் போயிருந்தது. ஜீவானந்தம் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். அமலா நேராக அப்பாவிடம் போனாள்.

"ப்பா, வண்டியைப் பின்னாடி கொண்டாரச் சொல்லுங்க. நான் கடைசி குடத்தாண்ட நின்னு பாடுறேன்."

"பின்னாடியா? பாட்டு முன்னாடி போவணும்மா. காலங்காலமா அப்டித்தானே?"

"முன்னாடி பாடி இங்கயே இருவத்தஞ்சு நிமிஷம் நின்னோம். இன்னும் மூணு வாட்டி நிப்போம். சுகப்பிரியா அக்கா நடக்கிற வேகத்துல பாடினா நிக்கவே வேணாம். நிக்காம போனா சீக்கிரமா போயிடலாம் ப்பா."

"மெதுவா போனா சீக்கிரமா போலாமா? இது இன்னாம்மா கணக்கு?" என்றார் ஜீவானந்தம்.

"ஒரகடம் வரைக்கும் பாடுறேன் மாமா. அங்க லேட்டாச்சுன்னா மைக்கை லோகேஷ் கையில குடுத்துடுங்க."

"என் கையிலயா?" என்று அலறினான் லோகேஷ். ஆட்டுக்குட்டி, லாரி ஹாரன் இரண்டும் ஒன்றாக வந்தன. அதைக் கேட்டதும் ஜீவானந்தம் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அப்பா அமலாவின் முகத்தைப் பார்த்தார். "எனக்கு மெதுவா அடிச்சுப் பழக்கமே இல்லியே, கண்ணு."

"அக்கா காலைப் பார்த்து அடிங்க ப்பா. அவ்ளோதான்."

குட்டியானை பின்னால் வந்தது. அமலா பாட ஆரம்பித்தாள். அப்பா சுகப்பிரியாவின் பாதத்தைப் பார்த்துப் பார்த்துப் பம்பை அடித்தார். முதலில் கை முந்தியது. பிறகு படிந்துவிட்டது.

காவடிக்கார அண்ணன்மார்கள் பழக்கத்தில் துள்ளிக்கொண்டு முன்னால் ஓடிவிட்டார்கள். கொஞ்ச தூரம் போனதும் பாட்டு காதில் விழவில்லை. பாட்டு இல்லாமல் காவடி தூக்கிக்கொண்டு தனியாக ஓடினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அசடு வழியத் திரும்பி வந்து வரிசையில் சேர்ந்துகொண்டார்கள்.

பேருந்து நிறுத்தம் வந்தது. நிற்கவில்லை. கம்பெனி மதில்கள் ஒவ்வொன்றாகக் கடந்துபோயின. ஷிப்ட் பேருந்தின் ஜன்னலிலிருந்து யாரோ கும்பிட்டார்கள். அமலா ஒவ்வொரு சொல்லாக ருசித்துப் பாடினாள். அவசரத்தில் விழுங்கிய சொல்லெல்லாம் இப்போதுதான் எல்லார் காதிலும் முழுசாக விழுந்தது. நூற்றெட்டுக் குடமும் ஒன்றாகப் போயின.

ஒரகடம் மேம்பாலத்தடியில் போக்குவரத்துக் காவலர் யாக்கோபு தயாராக நின்றார். கன்டெய்னர் லாரிகளை நிறுத்திக் கையை விரித்தார். வரிசை கடந்தது. அவர் கையை விரித்தபடியே நின்றுகொண்டிருந்தார்.

"அவ்ளோதான் சார், வுடுங்க" என்றார் ஜீவானந்தம்.

"மூணு வாட்டி நிறுத்தணும்னு சொல்லி வெச்சிருந்தாங்களே. மீதி ஜனங்க எங்க? வாலு எங்கய்யா?"

"வாலுதான் சார் பாடிகினு போவுது."

கோயில் வாசலை அடைந்தபோது ஜீவானந்தம் கடிகாரத்தைப் பார்த்தார். குலுக்கிப் பார்த்தார். காதில் வைத்துப் பார்த்தார். மணி ஒன்பது ஐந்து. வருடாவருடம் ஒன்பது நாற்பதுக்கு மூச்சிரைக்க வந்து சேர்கிறவர்கள் அவர்கள். தார் ரோடு இப்போதுதான் இளஞ்சூடாக ஆரம்பித்திருந்தது.

"சீக்கிரமா வந்துட்டா இன்னா பண்றதுன்னே தெர்லயே" என்று அவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். கன்னியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. மகளின் தலையில் கையை வைத்தார். அமலாவுக்கு அது போதும் போல இருந்தது.

வரிசையில் நிற்கும்போது அத்தை தன் குடத்தை இறக்கி, மஞ்சள் துணியை விலக்கிக் காட்டினார். பால் பாதிதான் இருந்தது. பக்கத்திலேயே சுகப்பிரியாவின் குடம் கழுத்து வரை நிறைந்திருந்தது.

அத்தை போனை எடுத்து ஒற்றை விரலால் தட்டினார். அமலா காத்திருந்தாள். வரிசை நான்கு அடி நகர்ந்தது. லோகேஷ் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டு முடித்தான். கடைசியில் செய்தி வந்தது.

'ஏரிக்கரை வரைக்கும் பாதி கொட்டிடுச்சு. அது என் வேகம். அதுக்கப்புறம் ஒரு சொட்டுகூடக் கொட்டல. அது உன் வேகம்.'

அமலா அதை இரண்டு தடவை படித்தாள். அத்தை அவள் கன்னத்தைக் கிள்ளினார். அத்தையின் கண் கலங்கியிருந்தது.

"அடுத்த வருஷம் செங்கமலத்துக்குக் கொரல் வந்துடும். அப்போ யாரு பாடுறது?" என்று ஜீவானந்தம் கேட்டார். அத்தை போனை எடுக்கவே இல்லை. பேசாமல் அமலாவை முன்னால் தள்ளிவிட்டார்.

அபிஷேகம் முடிந்து எல்லாரும் வீடு திரும்பினார்கள். குட்டியானையில் அத்தை, அமலா, சுகப்பிரியா, லோகேஷ் எல்லாரும் ஏறிக்கொண்டார்கள். ஓட்டுநர் கோபால் உற்சாகமாகத் தன் போனில் பாட்டு போட்டார். எக்ஸ்பிரஸ் செங்கமலத்தின் அதே மூன்று லட்சம் பேர் பார்த்த பாட்டு. பம்பை படபடத்தது. வண்டியும் பறந்தது. வேகத்தடையில் எல்லாரும் ஓரடி மேலே போய்க் கீழே வந்தார்கள்.

அத்தை ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவசர அவசரமாகத் தட்டினார். அவர் வாழ்க்கையிலேயே வேகமாகத் தட்டிய செய்தி அதுதான்.

'அமலா, நீ பாடு.'

அமலா சிரித்துக்கொண்டே கோபால் அண்ணனிடம் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பாட ஆரம்பித்தாள். கோபாலின் கால் தானாகத் தளர்ந்தது. வண்டி மெதுவானது. சுகப்பிரியா அமலாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அத்தையின் விரல் அமலாவின் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டே வந்தது, மெதுவாக.